யாருக்கு இந்த ட்ரே?

மார்ச் 3, திங்கள்

இன்று மைனா என்னிடம் ட்ரே எப்படிப் போடுவது என்று கேட்டாள்.

எழுதிப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் அவள் கேட்ட நேரத்தையும் விதத்தையும் பார்த்தவள் நான். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிற காலைக் கூட்டம் கலைந்து, ஒரு மிடறு காபி குடிக்கலாம் என்று நான் எழுந்த சமயம். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமலே, "அக்கா, அந்த வெள்ளைச் சாக்லேட் ட்ரேக்கு என்னென்ன போடுவ?" என்றாள். வாய் ஓயாமல் பேசுவதால்தான் அவளுக்கு மைனா என்று பேரே வந்தது. அப்படிப்பட்டவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

"எதுக்குடி?"

"சும்மாதான்க்கா."

சும்மா! இந்த உலகத்தில் எவள் சும்மா கேட்டாள்?

பதினோரு வருடமாக இந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முதல் கவுண்டரில் நான், இரண்டாம் கவுண்டரில் அவள். உள்ளே வருகிற யாராக இருந்தாலும் பெயர், வயது, என்ன பரிசோதனை என்று எங்கள் இருவரில் ஒருவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்தப் பதினோரு வருடத்தில் வேலையை விட்டு யார் போனாலும் ட்ரே போடுவது நான். என் வீட்டில் ஓவன் கிடையாது; அதனால் ஓவன் வேண்டாத பலகாரமாக அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். பிஸ்கட் தூள், வெள்ளைச் சாக்லேட், ஸ்ட்ராபெரி. ஃப்ரிட்ஜே பாதி வேலையைப் பார்த்துவிடும். அதுவே வழக்கமாகிவிட்டது.

ஒரே ஒரு முறை, பழைய கணக்கரின் பிறந்தநாளுக்குப் போட்டேன். அடுத்த வாரமே அவரை வேறு கிளைக்குத் தூக்கி அடித்தார்கள். அதோடு சரி. போகிறவர்களுக்கு மட்டும்தான் ட்ரே. யாரையாவது வீட்டுக்கு அனுப்பினால் "அவனுக்கு ட்ரே போட்டாச்சு" என்பதுதான் இங்கே பேச்சு.

போகிறவர் தன் ட்ரேயைத் தானே போட்டுக்கொள்வதில்லை. இருக்கிறவர்கள்தான் போடவேண்டும். நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருத்தி எதற்குப் போடக் கற்றுக்கொள்கிறாள்?

மார்ச் 4, செவ்வாய்

இன்று அவள் கேட்கவில்லை. கேட்காததும் சரியில்லை.

மார்ச் 6, வியாழன்

ஒரு நோயாளியின் பெயரில் எழுத்துப் பிழை. திருத்தக் கையெழுத்து வாங்க மேலாளர் அறைக்குப் போனேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடுகு. தொட்டதற்கெல்லாம் வெடிப்பார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மைனா உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள்! அந்த அறையில் இருக்கும் நாற்காலியில் எங்களில் யாரும் இதுவரை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. மைனாவின் மூக்கு சிவந்திருந்தது. கடுகு மெதுவான குரலில், "அப்புறம் வாங்க மேடம்" என்றார்.

கடுகு மெதுவாகப் பேசினால் விஷயம் பெரிது.

வெளியே வந்ததும் கேட்டேன். "லீவு கேக்கப் போனேன்க்கா" என்றாள். நான் லீவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பார்த்தேன்தான், அதில் என்ன தப்பு? அவள் பெயரே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள். அதுவும் என்னிடம்.

மத்தியானம் ஓர் ஆள் டேப் வைத்து எங்கள் கவுண்டரை அளந்துவிட்டுப் போனான். எதற்கு என்று கேட்டேன். "மெஷின் வருது மேடம்" என்றான். நோயாளிகள் தாங்களே பெயரைப் பதிந்து டோக்கன் எடுத்துக்கொள்வார்களாம். அப்படியானால் இரண்டு கவுண்டர் எதற்கு?

மெஷின் வருகிறது. மைனா கடுகின் அறையில் உட்காருகிறாள். மைனா ட்ரே போடக் கற்றுக்கொள்ளப் பார்க்கிறாள். இந்த மூன்றையும் கூட்டிப் பார்க்கத் தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை.

மார்ச் 8, சனி

இவரிடம் சொன்னேன். இவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஆறு மாதத்துக்கு முன்னால் முதுகில் அடிபட்டதிலிருந்து கூடத்தில் பலகையில்தான் படுக்கை. படுத்துக்கொண்டே ஊர் நியாயம் பேசுவார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் பொண்ணு ஆசைப்பட்டுக் கேட்டிருக்கும், சொல்லிக் குடுத்துட்டுப் போயேன்" என்றார்.

"எனக்கு வேலை போச்சுன்னா இந்த வீட்டுல அடுப்பு எரியுமா?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வேலைக்குப் போகமுடியாமல் படுத்திருக்கிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் உண்மை அதுதானே. இப்போது இந்த வீட்டுக்கு என் ஒருத்தி சம்பளம்தான். மைனாவின் வீட்டுக்காரருக்கு நல்ல வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். அவளுக்கு என் நாற்காலி எதற்கு?

மார்ச் 10, திங்கள்

இன்று நேரடியாகவே கேட்டாள். "அக்கா, ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடேன். எனக்கு மண்டையில நிக்காது."

எழுதிக் கொடுத்தேன்.

சரியான முறையை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு எங்கே பொய் எழுதினாலும் இந்த நோட்டில் எழுத மாட்டேன். பிஸ்கட்டைத் தூளாக்கி, உருக்கிய வெண்ணெய் சேர்த்து, ட்ரேயில் கொட்டி டம்ளரின் அடியால் அழுத்தவேண்டும். ஸ்ட்ராபெரியைக் கழுவி, ஒவ்வொரு பழமாகத் துணியால் துடைத்து, ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம் பரப்பி வைக்கவேண்டும். நறுக்கிய பிறகு வெட்டிய பக்கத்தையும் ஒற்றி எடுக்கவேண்டும். வெள்ளைச் சாக்லேட்டை வெந்நீர்மேல் வைத்த கிண்ணத்தில் உருக்கும்போது ஆவிகூட உள்ளே போகக் கூடாது. அதில் டின்னில் வருகிற இனிப்புக் கெட்டிப் பாலைக் கலந்து, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, ஊற்றி, மேலே பழத்தைப் பதித்து, மறுநாள்வரை ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும். அவ்வளவுதான். சூட்சுமம் ஒன்றே ஒன்று: தண்ணீர். ஒரு சொட்டு பட்டால் சாக்லேட் மணல் மணலாகத் திரிந்துவிடும். பழத்தில் ஈரம் இருந்தால் ட்ரே அழுதுவிடும்.

அவளுக்கு எழுதிக் கொடுத்ததில் அளவெல்லாம் சரி. ஒரு வரி மட்டும்: "பழத்தைக் கழுவி, துடைக்காமல் ஈரத்தோடு போடவும். அப்போதுதான் பளபளப்பு வரும்."

என்னை வெளியே அனுப்புகிற ட்ரேயை என் கையாலேயே எழுதிக் கொடுக்க நான் என்ன இளிச்சவாயா? போடட்டும். எல்லாருக்கும் முன்னால் மூடியைத் திறக்கட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

அந்தத் தாளை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். வீட்டுப் பத்திரம் மாதிரி. எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

மெஷின் வந்துவிட்டது. ஆளுயரம், வெள்ளை நிறம், தொட்டால் "வணக்கம்" என்கிறது. காலையில் ஒரு பெரியவர் அதற்குப் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, அது அடுத்து ஏதாவது பேசும் என்று நின்றுகொண்டே இருந்தார். மைனாதான் போய் அவருக்குப் பதிந்து கொடுத்தாள்.

இடம் போதவில்லை என்று இரண்டாம் கவுண்டரின் நாற்காலியை என் பக்கம் தள்ளித்தான் மெஷினை வைத்தார்கள். இப்போது அவள் முழங்கை என் முழங்கையில் இடிக்கிறது. இன்று நாற்காலியைத் தள்ளினார்கள். நாளைக்கு என்னைத் தள்ளுவார்கள். கூடாரத்துக்குள் மூக்கை நுழைத்த ஒட்டகத்தின் கதைதான்.

மார்ச் 14, வெள்ளி

மைனா இன்று முழுக்க என்னை "சாப்டியா, சாப்டியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பலி ஆட்டைக்கூட இப்படித்தான் கவனிப்பார்கள்.

மார்ச் 17, திங்கள்

ரத்தம் எடுக்கிறவரை ஊசி அண்ணன் என்போம். அவருக்கு வாய் கொஞ்சம் லூசு. அவர் அறையில் பஞ்சு தீர்ந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் உள்ளே போய் நூல் விட்டுப் பார்த்தேன்.

"அண்ணே, யாருக்கோ ட்ரேயாமே?"

மனிதரின் கை அப்படியே நின்றது. "உனக்கு யாரும்மா சொன்னது? வெள்ளிக்கிழமை வரைக்கும் உனக்குத் தெரியக் கூடாதுன்னுல்ல சொல்லியிருக்காங்க!" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "என்கிட்ட எதுவும் கேக்காத தாயே" என்று கும்பிட்டார்.

எனக்குத் தெரியக் கூடாதாம். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அப்பவே சொன்னேன்ல. சொன்னா யாரு கேக்கறாங்க இந்த வீட்டுல?

மார்ச் 18, செவ்வாய்

மைனா காலையிலேயே முகம் தொங்கிப்போய் வந்தாள். "அக்கா, கேக்கவே வெக்கமா இருக்கு. நேத்து சும்மா ஒரு தடவை போட்டுப் பாத்தேன். சாக்லேட் கட்டி கட்டியா ஆயிடுச்சு. அப்படி ஆனா என்ன பண்ணணும்?"

அவள் கட்டைவிரலில் சூடு பட்ட கொப்புளம் இருந்தது. கிண்ணத்தைத் தொட்டிருப்பாள். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், "ஈரம்டி, ஈரத்தைத் துடை" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது பார்த்து கடுகு அறைக் கதவைத் திறந்து, "கொஞ்சம் வாங்கம்மா" என்று அவளை மட்டும் கூப்பிட்டார்.

"கட்டியானா கொஞ்சம் தண்ணி விட்டுக் கிளறு, சரியாயிடும்" என்றேன்.

"தேங்க்ஸ்க்கா" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

மார்ச் 20, வியாழன்

மேசைக்கு அடியில் இருந்த என் செருப்பு, மூடியுள்ள டம்ளர், தைலம், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு இன்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாளைக்கு எல்லாரும் பார்க்க அதையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. கடுகிடம் என்ன பேசவேண்டும் என்று நாலு வரி யோசித்து வைத்திருக்கிறேன். மைனாவிடம் பேச ஒன்றும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால் போதும்.

இவர் பையைப் பார்த்தார்.

மார்ச் 21, வெள்ளி

எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

பதினோரு மணிக்கு எல்லாரையும் ஓய்வறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் ட்ரே, துணி போட்டு மூடியிருந்தது. நான் கதவோரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடுகு தொண்டையைச் செருமினார். அந்த நாலு வரியை நான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"மெஷின் வந்ததால ஒரு கவுண்டர் போதும்னு மேலிடம் சொல்லிடுச்சு. எனக்கு இதுல விருப்பமே இல்ல. பதினோரு வருஷம் நம்மளோட இருந்தவங்க..." என்று சொல்லி, மைனாவின் பக்கம் திரும்பினார்.

மைனாவின் பக்கம்.

எனக்குக் காதில் எதுவும் விழவில்லை கொஞ்ச நேரம். அப்புறம் அவர் சொன்னது மட்டும் விழுந்தது. ரெண்டு பேரில் யார் போவது என்று முடிவு செய்ய முடியாமல், பிப்ரவரி கடைசியிலேயே முதலில் மைனாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாராம். அவள் ஒரு நாள் யோசித்துவிட்டு, "நான் போறேன் சார். அக்கா வீட்டுல இப்ப அவ சம்பளம் மட்டும்தான். என் வீட்டுல சமாளிச்சுக்கலாம்" என்றாளாம். கடைசி நாள் வரைக்கும் எனக்குத் தெரியக் கூடாது என்றும் சொன்னாளாம். தெரிந்தால் "அதெப்படி, நான்தான் போவேன்"னு நான் சண்டை போடுவேனாம்.

நான் சண்டை போட்டிருப்பேனா? நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொள்கிறேன். போட்டிருக்க மாட்டேன்.

மைனா என் கையைப் பிடித்து மேசைக்கு இழுத்துப் போனாள். "வழக்கத்த மாத்திட்டேன்க்கா, கோவிச்சுக்காத. எல்லாருக்கும் நீ போட்ட. உனக்கு இதுவரைக்கும் யாராவது போட்டாங்களா? போறதுக்கு முன்னாடி ஒரு தடவ உனக்கு நான் போடணும்னு ஆசை" என்று சொல்லித் துணியை எடுத்தாள்.

ட்ரே முழுக்க இளஞ்சிவப்புத் தண்ணீர். அதில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். பிஸ்கட் ஊறி மேலே மிதந்துகொண்டிருந்தது. ஊசி அண்ணன்தான், "இதுல ஊசி போட்டு எடுத்தா ஒரு பாட்டில் தேறும் போலிருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மைனாவும் சிரித்தாள், ஆனால் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "அக்கா எழுதிக் குடுத்த மாதிரிதான் அட்சரம் பிசகாமச் செஞ்சேன். என் கை ராசி அப்படி" என்றாள்.

டம்ளர்களில் ஊற்றி, ஸ்பூன் போட்டுக் கொடுத்தாள். முதல் டம்ளர் எனக்கு. பல்லில் மணல் மணலாக நெறுநெறுத்தது. முழுவதையும் குடித்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லவில்லை. அவள் கை ராசியைக் குறை சொல்லிக்கொண்டு நின்றாள், நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

பாவி. நான் பாவி.

மார்ச் 22, சனி

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரண்டவன் கண்ணுக்கு என்று மறுபடியும் ஆரம்பிப்பார் என்று பார்த்தேன். "போய்ச் சொல்லிடு" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 24, திங்கள்

டம்ளரையும் செருப்பையும் மறுபடி கொண்டுபோய் மேசைக்கு அடியில் வைத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

போன் பண்ண மூன்று முறை எடுத்தேன். என்னவென்று ஆரம்பிப்பது? "நீ எனக்காக வேலைய விட்ட, நான் உன் ட்ரேயக் கெடுத்தேன்" என்றா? ஒருவேளை அவளுக்கே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே எல்லார் முன்னாலும் என் பெயரைக் காப்பாற்றினாளோ? "அக்கா எழுதிக் குடுத்த மாதிரிதான்" என்று அழுத்திச் சொன்னாளே, அது குத்தலோ?

பார், இப்போதும் சந்தேகம்தான். செத்தாலும் போகாது இந்தப் புத்தி.

ஏப்ரல் 9, புதன்

மைனாவே போன் பண்ணினாள். குரலில் ஒரு குத்தலும் இல்லை. பத்து நிமிடம் அவளே பேசினாள், நான் "ம்" கொட்டினேன். அவள் தெருமுனையில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு ஜூஸ் கடை. கடைக்காரர் கண்ணாடி ஃப்ரிட்ஜில் வைத்து விற்க ஏதாவது இனிப்பு தேடுகிறாராம். இவள் ட்ரே போட்டுத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டாளாம். வீட்டுக்காரர் சம்பளம் நினைத்த மாதிரி கைக்கும் வாய்க்கும் போதவில்லையாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நாலு தடவ போட்டுட்டேன்க்கா. நாலும் ஊத்திக்கிச்சு. அடுத்த திங்கக்கிழமைக்குள்ள ஒழுங்கா ஒண்ணு காட்டலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னுட்டார்."

"அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"உன் ட்ரேய நான் விக்கப் பாக்கறேன்னு நெனச்சுடுவியோன்னு பயம். நீதான் எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுவியே" என்று சொல்லி, அதற்கும் சிரித்தாள்.

சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 12, சனி

அவள் சமையலறைக்குள் நான் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஃப்ரிட்ஜ் கதவுதான். என் கையெழுத்து. அந்தத் தாளை நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டியிருந்தாள். அளவு, நேரம் எல்லாவற்றுக்கும் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அந்த ஒரு வரிக்குக் கீழே இரட்டைக் கோடு.

மேடைமேல் கழுவிய ஸ்ட்ராபெரி, தண்ணீர் சொட்டச் சொட்ட. அடுப்பில் கிண்ணம் தயாராக இருந்தது. அவள் பெண், எட்டு வயது, போன தடவை ஊற்றிக்கொண்ட ட்ரேயை ஒரு கிண்ணத்தில் வைத்து ஸ்பூனால் தின்றுகொண்டிருந்தாள். "அம்மா போடற கூழ் சூப்பரா இருக்கும் பெரியம்மா" என்றாள். மைனா அவளை விளையாட அனுப்பிவிட்டு, "நான் எங்க தப்பு பண்றேன்னு நின்னு பாருக்கா" என்று பழத்தை எடுத்தாள்.

நான் கொடியில் கிடந்த துணியை எடுத்து, முதல் பழத்தைத் துடைத்தேன். இரண்டாவதைத் துடைத்தேன்.

"எதுக்குக்கா துடைக்கற? பளபளப்பு போயிடுமே."

"துடைக்கணும்."

"நீதான் துடைக்காமப் போடச் சொன்ன." பிறகு தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மறந்து எழுதிட்டியா?"

தப்பித்துக்கொள்ள ஒரு வழி. அவளே திறந்து கொடுக்கிறாள். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. ஆமாம்டி, வயசாயிடுச்சு, மறந்துட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

"மறக்கல. வேணும்னேதான் எழுதினேன்" என்றேன். "அந்த ட்ரே என்னை அனுப்பறதுக்குன்னு நெனச்சேன். நீயும் கடுகும் சேந்து என் வேலைக்கு உல வெக்கறீங்கன்னு நெனச்சேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். பயமாக இருந்தது.

"தண்ணி விட்டுக் கிளறச் சொன்னியே, அது?"

"அதுவும்தான்."

கொப்புளம் ஆறித் தழும்பாகியிருந்த அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு மாசமா என் கையத் திட்டிக்கிட்டு இருக்கேன்க்கா. பாப்பா கிட்டகூட சொன்னேன், அம்மா கைக்கு எதுவும் வராதுடா, உனக்காவது வரட்டும்னு."

எனக்கு அழுகை வந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். நான் அழுதால் அவள் என்னைச் சமாதானப்படுத்துவாள். அவள் அப்படிப்பட்டவள். அந்த வேலையையும் அவள் தலையில் கட்டக் கூடாது.

"திங்கக்கிழம கடைக்காரருக்குக் காட்டணும். முடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றாள். குரல் கவுண்டரில் தெரியாதவர்களிடம் பேசுகிற குரல்.

முடித்தேன். பழத்தைத் துடைத்து, ஃபேனுக்கு அடியில் பரப்பி, ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் இருவரும் ஒரே அறையில், ஆளுக்கொரு மூலையில். அவள் என் கையையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ட்ரேயை ஃப்ரிட்ஜில் வைத்ததும் கதவை அவளே சாத்தினாள். "வரேன்டி" என்றேன். அவள் அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 14, திங்கள்

கெட்டியானதா, கடைக்காரர் ஒத்துக்கொண்டாரா, எதுவும் தெரியவில்லை. போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. கேட்கிற உரிமை எனக்கு எங்கே இருக்கிறது?

ஏப்ரல் 18, வெள்ளி

வேலை முடிந்து, அந்தப் பக்கம் பஸ்ஸே போகாவிட்டாலும், நடந்தே அந்த ஜூஸ் கடை வழியாகப் போனேன். எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். கண்ணாடி ஃப்ரிட்ஜில் இருந்தது. சதுரம் சதுரமாக, ஓரம் உடையாமல், பழம் பதிந்தபடி. இரண்டு பெண்கள் வாங்கிப் போனார்கள். நான் வாங்கவில்லை. யாரோ ஒரு அம்மா வந்து வாங்கினாள் என்று கடைக்காரர் சொல்லி, மைனா அடையாளம் கேட்டுவிட்டால்?

ஆனால் கெட்டியாகியிருந்தது. அது போதும்.

ஏப்ரல் 25, வெள்ளி

இன்று ஒரு பாட்டியம்மா மெஷினைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்று போராடினார். எழுந்து போய்ப் பதிந்து கொடுத்தேன். "முன்ன இங்க ஒரு பொண்ணு இருக்குமே, நல்லாப் பேசுமே, எங்க காணும்?" என்று கேட்டார். வேலையை விட்டுவிட்டாள் என்றேன்.

"ஏன்?" என்றார்.

டோக்கனைக் கையில் கொடுத்து உட்காரச் சொன்னேன்.

மே 1, வியாழன்

இவர் இன்று கம்பு ஊன்றிக் கூடத்தைத் தாண்டி வாசல்வரை நடந்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும், "அந்தப் பொண்ணு பேசுச்சா?" என்றார். இல்லை என்றேன். "பேசலன்னா அதுவும் நியாயம்தான்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை.

மே 7, புதன்

போன். மைனா. ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

"கடையில ஆர்டர் கூடிடுச்சு. பள்ளிக்கூட சம்மர் கேம்ப்புக்கு நாலு ட்ரே கேக்கறாங்க. எனக்குக் கை பத்தல. சனிக்கிழம வர முடியுமா?"

"வரேன்."

"சரி" என்று வைத்துவிட்டாள். அக்கா என்று சொன்னாளா, சொல்லவில்லையா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சொல்லவில்லை.

மே 10, சனி

ஃப்ரிட்ஜ் கதவில் தாள் இல்லை. கேட்கவில்லை.

"துடைக்கறது உன் வேலை. அளவு, சாக்லேட்டு எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லித் துணியை நீட்டினாள். நான் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பழங்கள் நிறைய. அவள் வெந்நீர்மேல் கிண்ணத்தை வைத்து, ஆவி படாமல், அடி தொடாமல் உருக்கினாள். என்னைவிட நன்றாகவே வருகிறது. அவள் பெண் ஊற்றிக்கொண்ட ட்ரே இனிமேல் கிடைக்காதா என்று சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

நான் துடைத்து வைத்த ஒவ்வொரு பழத்தையும் மைனா வந்து எடுத்து, விரலால் அடியிலும் காம்பு இருந்த குழியிலும் தொட்டுப் பார்த்தாள். ஒன்றைக்கூட விடவில்லை. இரண்டில் ஈரம் இருந்தது என்று திருப்பித் தந்தாள். நிஜமாகவே இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. மறுபடி துடைத்துக் கொடுத்தேன்.

கிளம்பும்போது, "அடுத்த சனிக்கிழமையும் ஆர்டர் இருக்கு" என்றாள்.

வருகிறேன் என்றேன். தொட்டுப் பார்க்கட்டும். எத்தனை சனிக்கிழமை வேண்டுமானாலும் பார்க்கட்டும்.